பதினான்காவது விளக்கு

தென்காசியில் அந்த முடுக்குத் தெருவிலிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்குச் சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு விநோதமான குணம் வந்திருந்தது. சாரல் விழுகிற நாளில் பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. வெயில் அடிக்கிற நாளில் பாதிக்குப் பாதி எழுந்திருக்கவே மறுத்தன.

இதை முதலில் கவனித்துச் சொன்னவள் மூக்கம்மாள். இருபத்தெட்டு வருடமாகப் பீடி சுற்றிக்கொண்டே, நாற்பத்தாறாவது வயதில் தட்டச்சுப் பழக வந்தவள். வந்திருந்த பன்னிரண்டு பெண்களில் அவளுக்குத்தான் விரல் வேகம் அதிகம். வாய் வேகமும் அவளுக்குத்தான்.

"நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. மலையில மேகம் எறங்கிச்சுன்னா பன்னெண்டு பொட்டியும் எந்திரிச்சிருது. வெயிலு வந்துச்சோ, சவம், மல்லாந்து படுத்துக்கிடுது."

"கம்ப்யூட்டருக்கும் குத்தாலத்துல சீசனாக்கா?" என்று பாஹிமா கேட்டாள். கல்லூரியை இரண்டாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு வந்த பெண், எதற்கும் சிரிப்பாள்.

சந்தனமாரிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எர்த் கம்பியை மாற்றினாள், கேபிள்களை மாற்றினாள், தான் எழுதிய வரிகளை நாலு தடவை முதலிலிருந்து படித்தாள். வெயிலுக்கும் சாரலுக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி ஒரு வரியைக்கூட அவள் எழுதியிருக்கவில்லை.

சந்தனமாரி மேலகரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்த்துவந்தாள். மற்ற நேரத்தில் சம்பளம் இல்லாத இன்னொரு வேலை உண்டு. 'சிற்றாறு' என்று பள்ளிக்கூடங்களுக்காக ஒரு லினக்ஸ் தொகுப்பு, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள். அதை ஒன்பது பேர் சேர்ந்து வெளியிட்டு வந்தார்கள். ஒன்பதில் அவள் ஒருத்தி. அந்தத் தொகுப்பில் தின் கிளையன்ட் வசதியைச் சேர்ப்பது அவள் ஏற்றுக்கொண்ட பொறுப்பு.

தின் கிளையன்ட் என்பது பெரிய வித்தை இல்லை. உள்ளே ஹார்டு டிஸ்க் இல்லாத பெட்டி. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. பொத்தானை அமுக்கியதும் கேபிள் வழியாக இரண்டு கேள்வி கேட்கும்: என் முகவரி என்ன, நான் எதை வாசித்து எழுந்திருக்கவேண்டும். மூலையில் இருக்கிற சர்வர் இரண்டுக்கும் பதில் சொல்லும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பெட்டி எழுந்து நிற்கும். ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் போதும், பன்னிரண்டு கழித்துப்போட்ட பெட்டிகளுக்கு அது உயிர் கொடுத்துவிடும்.

அப்படிக் கழித்துப்போட்ட பன்னிரண்டு பெட்டிகள்தான் ஹாஜரா பீவியிடம் வந்து சேர்ந்திருந்தன. ஏதோ ஓர் அலுவலகத்தில் ஹார்டு டிஸ்குகளை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு கூடுகளைக் கொடுத்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து வயது ஹாஜரா பீவி, தையல் வகுப்பு நடத்திய தன் வீட்டு முன்கூடத்தைக் காலி செய்து அவற்றை வரிசையாக அடுக்கினார். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டார். வருகிற திங்கட்கிழமை முறையாக வகுப்பு தொடங்கும் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

சந்தனமாரி கையாலேயே எதையாவது செய்து பெட்டிகளை ஓடவைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அவளுடைய கம்பெனி, அடுத்த மாதம் முதல் எல்லோரும் சென்னை அலுவலகத்துக்கு வந்தாகவேண்டும் என்று சொல்லிவிட்டது. ஹாஜரா பீவி இதைத்தான் கேட்டார்: "நீ வந்து நீ வந்து எழுப்பி விட்டா, நீ மெட்ராஸுக்குப் போன பொறவு யாரு எழுப்புவா? எங்க கையால பட்டன அமுக்குனா எந்திரிக்கணும். அதான எனக்கு வேணும்."

நியாயமான கேள்வி. அந்த வசதி சிற்றாறு தொகுப்புக்குள்ளேயே இருந்தால்தான் அது நடக்கும். புதிய பதிப்புக்குள் எதுவும் சேர்ப்பதானால் சனிக்கிழமை மாலை ஆறு மணி கடைசி. அதற்குள் ஓர் உண்மையான இடத்தில் பிழையில்லாமல் ஓடிக் காட்டாத எதையும் எடுத்துவிடுவார்கள். அடுத்த பதிப்புக்கு இரண்டு வருடம். அதுவரை அந்தப் பன்னிரண்டு கூடுகளும் முன்கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்க முடியாது.

வியாழக்கிழமை காலை நல்ல வெயில். பன்னிரண்டில் ஐந்து எழுந்தன. ஏழு, கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுங்க நின்றுவிட்டன.

"எத்தன?" என்று போனில் கேட்டாள் எப்சிபா. பாளையங்கோட்டைக்காரி, பதிப்பு வெளியிடும் பொறுப்பு அவளுடையது.

"அஞ்சு."

"நேத்து?"

"நேத்து சாரல். பன்னெண்டும் வந்துச்சு."

"ஏட்டி மாரி, வானிலை அறிக்கையைச் சேத்து ரிலீஸ் பண்ண முடியாது. சனிக்கிழம வரைக்கும் பாக்கேன். அதுக்கு மேல எனக்கும் பதில் சொல்ல ஆள் இருக்கு."

போனை வைத்துவிட்டுச் சந்தனமாரி சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரே, கேபிள்கள் எல்லாம் வந்து சேருகிற ஹப் சுவரில் தொங்கியது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு பச்சை விளக்கு. வேறு வேலையில்லாத கண் அந்த விளக்குகளை எண்ணியது. பன்னிரண்டு பெட்டி, ஒரு சர்வர்: பதின்மூன்று விளக்கு எரியவேண்டும். பதினான்கு எரிந்தது.

மறுபடி எண்ணினாள். பதினான்குதான்.

அந்தப் பதினான்காவது கேபிள் சாம்பல் நிறம். ஹப்பின் அடியிலிருந்து சுவரோரமாக இறங்கி, சன்னல் சட்டத்தை ஒட்டி வெளியே போனது. அரை முழத்துக்கு ஒன்றாகக் கிளிப் அடித்து, மூலையில் முறியாமல் வளைத்து, சுவரின் நிறமே பூசி, இருப்பதே தெரியாமல் செய்திருந்தார்கள். மூன்று வாரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தும் அவள் பார்க்கவில்லை.

சந்தனமாரி அதைப் பிடுங்கினாள். "எல்லாரும் ஒருக்கா அணைச்சுப் போடுங்க."

பன்னிரண்டும் எழுந்தன.

"வெயிலடிக்கு, பொட்டியும் எந்திரிச்சிருக்கு," என்று மூக்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பாஹிமா கை தட்டினாள். சந்தனமாரிக்கு நிம்மதி பாதி, கோபம் பாதி. யாரோ ஒருவர் தன் வீட்டு மோடத்தைக் கொண்டுவந்து இங்கே செருகியிருக்கிறார். பெட்டி கேள்வி கேட்கும்போது மோடமும் பதில் சொல்கிறது, சர்வரும் பதில் சொல்கிறது. பழைய பெட்டிகள் முதலில் வந்த பதிலையே பிடித்துக்கொள்ளும். மோடத்துக்கு முகவரி கொடுக்கத் தெரியும்; எதை வாசிக்கவேண்டும் என்று சொல்லத் தெரியாது. முகவரியை வாங்கிக்கொண்டு, மேலே வழி தெரியாமல் பெட்டி நின்றுவிடுகிறது. மூன்று வாரம் போனது இதில்.

கேபிள் போன வழியைப் பார்த்துக்கொண்டே வெளியே போனாள். அது அடுத்த வீட்டுச் சன்னலுக்குள் நுழைந்தது.

அடுத்த வீடு ஒலி முகம்மதுவினுடையது. ஷார்ஜாவில் இருபத்திரண்டு வருடம் பெரிய பெரிய கட்டடங்களுக்குள் கேபிள் இழுத்துவிட்டு ஊர் திரும்பியவர். மனைவி, மகளின் பிரசவத்துக்காகக் கடையநல்லூர் போயிருந்ததால் சீசன் முழுக்கத் தனியாள். யாரைக் கேட்டு இதைச் செருகினீர்கள் என்ற கேள்வியோடு சந்தனமாரி கதவைத் தட்டினாள். கதவைத் திறந்த ஒலி முகம்மது அவள் முகத்தைப் பார்த்தார், சன்னலுக்குள் நுழைந்த கேபிளைப் பார்த்தார், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்:

"என்னம்மா, பிள்ளையளுக்கு நெட் வந்துட்டா?"

கேட்டபோது அவர் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்ததும், அவள் தான் கொண்டுவந்த கேள்வியை விட்டுவிட்டாள்.

"உள்ள வாங்க. ஹாஜரா காதுல விழுந்துரப் போவுது," என்றார். "போன மாசம் ஃபேன் மாட்டிக் குடுக்க வந்தேம்லா, அப்ப இந்தப் பிள்ளையள் பேசிக்கிட்டு இருந்திச்சு. ஒரு விண்ணப்பம் போடணும்னாலும் வெயில்ல பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, கடையில வரிசையில நிக்கணுமாம். நம்ம வீட்டுல நான் ஒத்த ஆளு, நெட்டு சும்மாதான கெடக்கு. ஃபேன் வேலையோட வேலையா ஒரு கேபிளை இழுத்து விட்டுட்டேன்."

"பீவியக்காட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா பாய்."

"சொன்னா அது வாங்கிக்கிடுமா? மாசம் பொறந்தா பைசாவை மடிச்சுக் கொண்டாந்து நீட்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நமக்குன்னு ஒரு வழக்கம், தாயி. குடுக்கது படச்சவனுக்குத் தெரிஞ்சா போதும். வாங்குதவுகளுக்கும் தெரியணும்னு நெனச்சா, அப்பமே அதுல பாதி போயிரும்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார். "வந்துட்டா? வேகம் எப்படி இருக்கு?"

நெட் வரவில்லை. முகவரி வாங்கிய பெட்டி எழுந்தால் அல்லவா நெட் வரும். அவர் கொடுத்தது போய்ச் சேரவே இல்லை. சேராததோடு மூன்று வாரம் எல்லோரையும் அலைக்கழித்தும் இருக்கிறது. இதைச் சொன்னால் அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கேபிளைச் சுருட்டி வைத்துவிடுவார். அவ்வளவுதான், வேலையும் முடிந்துவிடும்.

சந்தனமாரி வேறொன்று கேட்டாள். "நீங்க வெளிய போனா மோடத்தை அணைப்பீயளா?"

"மெயினையே அணைச்சிருவேன். ஷார்ஜாவுல ஒரு ரூம்ல தீப்பிடிச்சதப் பாத்தவன் நான். தெருவைத் தாண்டுனா மெயினு ஆஃப். சாரலு விழுந்தா நம்ம செட்டு ஐந்தருவிக்குக் கெளம்பிரும். காலைல போனா மத்தியானம்தான் வருவோம்."

சாரலுக்கும் பெட்டிகளுக்கும் உள்ள உறவு புரிந்துவிட்டது. அவர் குளிக்கப் போன நாளெல்லாம் பெட்டிகள் எழுந்தன. வீட்டில் இருந்த நாளெல்லாம், அவர் பிள்ளைகளுக்கு நெட் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் வரல பாய்," என்றாள் சந்தனமாரி. "என் பக்கத்துல ஒரு வேல பாக்கி இருக்கு. முடிச்சாத்தான் வரும். யாருட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

அது பொய் இல்லை என்பது திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கே தெளிவானது. இந்த வசதிக்கான பயன்பாட்டுக் குறிப்பில் அவளே ஒரு வரி எழுதியிருந்தாள்: 'இதே இணைப்பில் வேறு மோடம் இருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடவும்.' எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அங்கே ஏற்கெனவே யாராவது எதையாவது கொடுத்திருப்பார்கள். ஒரு வாத்தியார் தன் மோடத்தைக் கொண்டுவந்து வைத்திருப்பார். பக்கத்து மில்காரர் ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்திருப்பார். அதை எல்லாம் பிடுங்கிவிட்டு வா, அப்புறம் நான் வருகிறேன் என்று சொல்கிற மாதிரித்தான் அவள் எழுதியிருக்கிறாள். கோளாறு ஒலி பாயின் கேபிளில் இல்லை.

சந்தனமாரிக்குக் காலையில் காசி விசுவநாதரைக் கும்பிட்டுவிட்டு வரும்போது ஒரு பழக்கம் உண்டு. அவள் பிழைப்பே யார் யாரோ எழுதிவைத்த வரிகளின் மேல் நின்றது. எந்த நாட்டுக்காரர்களோ, எந்த மதமோ, தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போனவர்கள். முகம் தெரியாத அவர்களுக்காகவும் ஒரு நிமிடம் சன்னதியில் நிற்பாள். அந்த மாதிரி ஒரு மனிதர் அடுத்த வீட்டில் லுங்கி கட்டிக்கொண்டு இருப்பார் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

சென்டருக்குள் வந்து, பிடுங்கிய கேபிளைத் திரும்பச் செருகினாள். ஏழு பெட்டிகள் மறுபடி படுத்துக்கொண்டன.

"ஏம்மா, நல்லாத்தான இருந்திச்சு?" என்றாள் மூக்கம்மாள்.

"திங்கக்கிழமைக்கு இத விட நல்லா இருக்கும்க்கா."

எப்சிபாவுக்கு இது பிடிக்கவில்லை. "கேபிள் கழட்டுனா ஓடுதுல்லா? 'ஓடுது'ன்னு எழுதி அனுப்பிட்டுப் போயேன்டி. ரெண்டு நாள்ல புதுசா எழுதப் போறேங்கியே."

"கழட்டச் சொல்லி எழுதுனது நான் செஞ்ச தப்பு எப்சி. மோடம் முகவரி குடுக்கட்டும். நம்ம சர்வர் எதை வாசிக்கணும்னு மட்டும் சொல்லட்டும். அதுக்கு வழி இருக்குல்லா."

"வழி இருக்கு. சோதன வேண்டாமா? கடைசி நேரத்துல மாத்துனா நூறு தடவ எழுந்து காட்டணும். நான் வச்ச விதி இல்ல, நம்ம எல்லாரும் சேந்து வச்சது. ஒண்ணு எழலன்னாலும் திரும்பவும் ஒண்ணுலேருந்து."

"சரி."

"மோடம் இருந்தாலும் எழணும், இல்லாட்டியும் எழணும்."

"சரின்னு சொன்னேம்லா."

கடைசியில் எப்சிபா, "சனிக்கிழம ஆறு மணி வரைக்கும் போன் பக்கத்துலயே இருக்கேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை எழுதி முடித்தாள். மோடம் முகவரி கொடுத்தது. சர்வர் மற்றதைச் சொன்னது. பன்னிரண்டும் எழுந்தன, மூன்று முறை. பாஹிமாவின் திரையில் முதன்முதலாக நெட் வந்தது. ஹாஜரா பீவி அப்போது தொழுகைக்குத் தயாராக உள்ளே போயிருந்ததால் பார்க்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாப் பெட்டிகளையும் மறுபடி அணைத்துப் போட்டார்கள். ஒன்றுகூட எழவில்லை.

ஹப்பைப் பார்த்தாள். பதின்மூன்று விளக்கு. ஒலி முகம்மது ஜும்ஆத் தொழுகைக்குப் பெரிய பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். தெருவைத் தாண்டினால் மெயின் ஆஃப்.

முன்பு அவருடைய மோடம் இருந்தால் கெட்டது. இப்போது அது இல்லாவிட்டால் கெடுகிறது. எல்லாப் பாரத்தையும் அவர் தலையில் ஏற்றிவிட்டால் அவர் ஐந்தருவிக்குக்கூடப் போக முடியாது. ஒருவர் கொடுக்கிறார் என்பதற்காக அவரைக் கட்டிப்போடவும் கூடாது. சந்தனமாரி கோடு போட்ட தாளில் எழுதிப் பார்த்தாள்: பெட்டி கேட்டதும் சர்வர் உடனே வாயைத் திறக்கக் கூடாது. கொஞ்சம் பொறுக்கவேண்டும். வேறு யாராவது முகவரி கொடுத்தால் அதை அப்படியே விட்டுவிட்டுத் தன் பங்கை மட்டும் சொல்லவேண்டும். யாருமே கொடுக்காவிட்டால் இரண்டையும் தானே கொடுக்கவேண்டும்.

கேட்க எளிது. எழுத அன்று மாலையும் மறுநாள் காலையும் ஆயிற்று.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்தே சாரல். மலை கண்ணுக்குத் தெரியவில்லை. சந்தனமாரி பத்து மணிக்கு ஒலி முகம்மதுவின் வாசலில் நின்றபோது, அவர் தோளில் துண்டு போட்டு, எண்ணெய்க் குப்பியோடு வேனுக்காகக் காத்திருந்தார்.

"பாய், இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இருக்க முடியுமா? நான் மிஸ்டு கால் குடுத்தா மோடத்தை அணைக்கணும். அடுத்த மிஸ்டு காலுக்குப் போடணும். சாயங்காலம் வரைக்கும்."

அவர் மேகத்தைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. "ஏலே, நான் வரல, நீங்க போங்க," என்று போனில் யாரிடமோ சொன்னார். மறுமுனையில் ஏதோ கேலி கேட்டது. "ஆமாலே, பொண்ணு பாக்க வாராவ. போ அங்கிட்டு," என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

பெண்கள் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெட்டி முன்னால் நின்றாள். ஒரு சுற்று என்றால் எல்லோரும் ஒன்றாகப் பொத்தானை அமுக்கவேண்டும், எழுந்ததும் பெயரைத் தட்டிக் காட்டவேண்டும், அணைக்கவேண்டும்.

"எத்தன சுத்து?" என்றாள் பாஹிமா.

"நூறு தடவ எழணும். ஒம்பது சுத்துன்னா நூத்தெட்டு ஆகும்."

"நூத்தெட்டுன்னா சரிதான்," என்றாள் மூக்கம்மாள். "கொறச்சா சாமிக்குக் கணக்கு இடிக்கும்லா."

ஹாஜரா பீவி தன் மணிமாலையை எடுத்துக் காட்டினார். "எங்களுக்குத் தொண்ணுத்தொம்பது மூக்கு. உங்களுக்கு முந்தி நாங்க முடிச்சிருவோம்."

முதல் சுற்று, பன்னிரண்டு. மிஸ்டு கால். இரண்டாவது சுற்று, பன்னிரண்டு. மிஸ்டு கால். மூன்றாவது சுற்றில் பாஹிமாவின் பெட்டி கறுப்புத் திரையில் நின்றுவிட்டது.

தன்னால்தான் நின்றது என்பது போலப் பாஹிமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சந்தனமாரி சர்வரின் குறிப்புகளைப் பார்த்தாள். அவள் சர்வரை அரை நொடி பொறுக்கச் சொல்லியிருந்தாள். அப்போதுதான் உயிர் பெற்ற ஒலி பாயின் மோடத்துக்குப் பதில் சொல்ல ஒன்றரை நொடி ஆகியிருந்தது. அதற்குள் சர்வர் அவசரப்பட்டு, யாரும் இல்லை என்று முடிவு செய்து, தானே முகவரியும் கொடுத்துவிட்டது. கொஞ்சம் தள்ளி மோடமும் கொடுத்தது. இரண்டு முகவரியோடு பெட்டி திகைத்து நின்றுவிட்டது.

அரை நொடியை மூன்று நொடி ஆக்கினாள். பெட்டிகள் மூன்று நொடி தாமதமாக எழும். எழாமல் போவதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் மாற்றியதைத் தொகுப்புக்குள் சேர்த்து, சர்வரில் புதிதாக ஏற்றி முடிக்க மணி நாலேகால் ஆகிவிட்டது. சுற்றுக்குப் பத்து நிமிடம். ஒன்பது சுற்று. இன்னொரு தவறுக்கு இடமில்லை.

"வீட்டுக்குப் போக வேண்டியவங்க போங்கக்கா. நான் ஒருத்தியே பன்னெண்டையும் அமுக்கிக்கிடுதேன்," என்றாள் சந்தனமாரி. முடியாது என்று அவளுக்கே தெரியும்.

"அஞ்சு மணிக்கு நான் பீடிக்கட்டு கொண்டு குடுக்கணும்," என்று மூக்கம்மாள் சொல்லிவிட்டு, நகராமல் நின்றாள். "திங்கக்கிழம குடுத்துக்கிடுதேன். ஏட்டி பாஹிமா, கையை முன்னால கொண்டா. ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கு."

ஒன்று. மிஸ்டு கால். இரண்டு. மிஸ்டு கால்.

"யாருக்கும்மா அடிக்கொருக்கா போன் போடுத?" என்று கேட்டார் ஹாஜரா பீவி.

"ஒரு வேலையாக்கா."

"எடுக்கவே மாட்டேங்காவளே."

"எடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

ஹாஜரா பீவி அதற்கு மேல் கேட்கவில்லை. உள்ளே போய் எல்லோருக்கும் சுக்குக் காபி கொண்டுவந்தார். ஐந்தாவது சுற்று முடிந்தபோது மணி ஐந்து ஐந்து. ஏழாவது சுற்றில் பாஹிமாவின் பெட்டி எல்லாவற்றுக்கும் பிந்தி எழுந்தது. அதுவரை யாரும் காபியை விழுங்கவில்லை. எட்டு. மிஸ்டு கால். ஒன்பது. மூக்கம்மாள் தன் பெயரைத் தட்டிவிட்டுச் சத்தமாக எண்ணினாள்: "நூத்து ஆறு, நூத்து ஏழு, நூத்தெட்டு."

ஐந்து ஐம்பதுக்குச் சந்தனமாரி முடிவை அனுப்பினாள். ஐந்து ஐம்பத்தாறுக்கு எப்சிபா கூப்பிட்டாள்.

"சேத்தாச்சு மாரி. இனி யாரும் எடுக்க முடியாது. இன்னொண்ணு. அந்த 'மோடத்தைக் கழற்றிவிடவும்'ங்கிற வரியையும் நீக்கிட்டேன். நன்றின்னு போட யார் பேராவது இருக்கா?"

"இருக்கு. ஆனா போடக் கூடாது."

"அதுவும் நல்லதுதான்," என்றாள் எப்சிபா. அவள் குரலில் இருந்த கண்டிப்பு முழுவதும் போயிருந்தது. "போயித் தூங்கு."

சந்தனமாரி திரும்பிப் பார்த்தபோது, பெண்கள் யாரும் வீட்டுக்குக் கிளம்பியிருக்கவில்லை. பாஹிமா கல்லூரியில் திரும்பச் சேர்வதற்கான விண்ணப்பத்தைத் திரையில் திறந்து வைத்திருந்தாள். அவளைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். ஹாஜரா பீவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"இது நெட்டுல்லா? நம்ம நெட்டே வாங்கலியே. எங்கன இருந்து வருது?"

"அத நான் சொல்லக் கூடாதுக்கா," என்றாள் சந்தனமாரி. "குடுத்தவுக கேட்டுக்கிட்டாவ."

ஹாஜரா பீவி அவளையே பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவர் உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப நான் யாருக்குன்னு நன்றி சொல்ல?"

சந்தனமாரி குனிந்து தரையில் கிடந்த கேபிள்களை ஒதுக்கி வைத்தாள்.

"சரி, யாருன்னு தெரியாட்டி எல்லாருக்கும் சொல்ல வேண்டியதுதான்," என்றார் அவர். "தெருவுல பதினோரு வீடு. நாளைக்கு நேர்ச்சைச் சோறு ஆக்குவோம். மூக்கு, வெள்ளனத்துலேயே வந்துரு, வெங்காயம் உரிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் தெரு முழுவதும் நெய்ச்சோறு மணந்தது. பெண்கள் ஆளுக்கொரு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டார்கள். எந்த வீட்டுக்கு யார் போவது என்று ஹாஜரா பீவிதான் சொன்னார். அடுத்த வீடு சந்தனமாரிக்கு வந்தது.

ஒலி முகம்மது கதவைத் திறந்தார். அருவிக்குப் போய்வந்த தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"என்ன விசேஷம்?"

"பீவியக்கா குடுத்துவிட்டாவ. தெருவுல எல்லா வீட்டுக்கும்."

"எல்லா வீட்டுக்குமா?"

"பதினோரு வீட்டுக்கும்."

"அந்தக் கோடி வீட்டுக்காரன் தண்ணிக்குழாய்க்கு மூணு வருஷமா சண்ட போடுதானே, அவனுக்குமா?"

"அவுக வீட்டுக்கு மூக்கக்கா கொண்டு போறாவ."

ஒலி முகம்மது சிரித்தார். தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடினார். தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்:

"வேகம் போதுமா, தாயி? பன்னெண்டு பிள்ளையளுக்குக் காணாதுன்னா சொல்லு. பெரிய பிளானா மாத்திருதேன்."

"போதும் பாய். நல்லா வருது," என்றாள் சந்தனமாரி.